பல்வைத்தியரின் பாட்டு நேரம்

சனிக்கிழமைகளில் ஒடென்சே உள்ளூர் வானொலியில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை பழைய பாட்டுகள் போகும். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் தமிழ். தமிழ் நேரம் என்னுடையது. பழைய பாட்டு நேரம் ஓய்வுபெற்ற பல்வைத்தியர் ஒருவருடையது. ஒரே கதிரையில்தான் நாங்கள் இருவரும் மாறி மாறி இருந்தோம். அவர் எழும்பிப் போனபின் கதிரையில் சூடு இருக்கும். நெடிய மனிதர் என்பதால், நான் கதிரையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

கலையகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் நிலக்கீழ் அறை அது. யன்னல் கிடையாது. எதிரொலியை அடக்கச் சுவர் முழுக்கப் பஞ்சுத் தகடுகள் ஒட்டியிருந்தார்கள். ஒரு மேசை, இரண்டு ஒலிவாங்கிகள், இசைத்தட்டு சுழற்றும் பெட்டிகள் இரண்டு, ஒரு கணினி. கண்ணாடிக்கு வெளியே ஒடுங்கிய நடைபாதையில் உட்கார ஒரு நீள வாங்கு, ஒரு தொலைபேசி, உள்ளே போய்க்கொண்டிருப்பதைக் கேட்பதற்கு ஒரு சின்ன ஒலிபெருக்கி. அங்கே வேலை செய்கிற எல்லாரும் தங்கள் விருப்பத்துக்கு வருகிறவர்கள். கிழமை நாட்களில் எனக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. சனிக்கிழமை மட்டும் அறிவிப்பாளர். கோயில் திருவிழா, தேவாலயப் பூசை நேரம், பிறந்தநாள், மரண அறிவித்தல், இடையிடையே பாட்டு. அவ்வளவுதான் தமிழ் நேரம்.

எங்கள் பக்கத்துப் பேருந்து சனிக்கிழமைகளில் குறைவு. ஒன்று, மிகவும் முந்திப் போய்ச் சேர வேண்டும், அல்லது பிந்த வேண்டும். நான் முந்திப் போவேன். நடைபாதை வாங்கில் இருந்து அறிவித்தல்களைச் சரிபார்ப்பேன். அப்படித்தான் அந்தப் பாட்டுகள் என் காதில் விழத் தொடங்கின.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு வந்த பாட்டுகள். ஓர் ஆண்குரல் அவசரமில்லாமல், நம் காதுக்கருகில் வாயை வைத்ததுபோலப் பாடும். பின்னால் நிறைய வயலின்கள் ஒரே மூச்சில் ஏறி இறங்கும். முரசை அடிக்க மாட்டார்கள். முற்றத்தில் மணலைக் கூட்டுவதுபோல மெல்லிய கம்பித் தும்பால் தடவுவார்கள். சில பாட்டுகள் ஆங்கிலம். சில அதே காலத்து டேனிஷ், துறைமுகத்தையும் கோடைகாலத்தையும் பற்றியவை. ஆடத் தேவையில்லை, அழத் தேவையில்லை. வேலையைச் செய்துகொண்டே கேட்கலாம்.

எனக்கு அவை புதிதல்ல. யாழ்ப்பாணப் பட்டினத்தில் எங்கள் வீட்டில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா கொழும்பிலிருந்து வருகிற ஆங்கில ஒலிபரப்பைத் திருப்புவார். அவர் வங்கியில் எழுதுவினைஞர். முகம் வழிக்கும்போது இந்தப் பாட்டுகள் வேண்டும் அவருக்கு. ஒரு வரியும் எனக்கு விளங்கியதில்லை. அவை ஞாயிற்றுக்கிழமையின் சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை டென்மார்க்கின் ஒரு நிலக்கீழ் அறையில் திரும்பக் கேட்டபோது நான் அறிவித்தல் தாள்களை மடியில் வைத்துவிட்டு வாய்க்குள் முணுமுணுத்திருக்கிறேன். என்னையறியாமல்தான்.

கதவைத் திறந்துகொண்டு பல்வைத்தியர் வெளியே வந்தார்.

"இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமோ?"

டேனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். ஆனால் அவர் பேசியதைத் தமிழில் நினைக்கும்போது எனக்கு 'நீங்கள்' என்றுதான் வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"ஓம். சின்ன வயதில எங்கட வீட்டு ரேடியோவில கேட்டிருக்கிறன்."

எந்த நாடு, எப்போது வந்தீர்கள், குளிர் பழகிவிட்டதா என்று அடுத்ததாக வழக்கமாக வரும் கேள்விகள் ஒன்றும் வரவில்லை.

"ஆம்பிளை பாடினதோ, பொம்பிளை பாடினதோ?"

"ஆம்பிளை."

"அப்ப சரி. பொம்பிளை பாடினது கெதியாய் ஓடிப்போகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இசைத்தட்டை வைக்க உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் வாங்கில் இருக்கவில்லை. உள்ளே ஒரு மூலையில் எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்.

அந்த நிகழ்ச்சியை ஆட்கள் கேட்டதற்குப் பாதிக் காரணம் அவருடைய குரல். வாழ்நாள் முழுக்க, பயந்துபோய் வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களோடு பேசிய குரல் அது. 'இப்ப கொஞ்சம் நோகும், பிறகு சரியாய்ப் போகும்' என்பதுபோலத்தான் ஒவ்வொரு பாட்டையும் அறிமுகப்படுத்துவார். பாடகர் பெயர், வாத்தியக் குழுவின் பெயர், எக்காளம் ஊதியவர் யார், வயலின் யார். தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்ல மாட்டார்.

இரண்டாவது அல்லது மூன்றாவது பாட்டு ஓடும்போது நடைபாதையில் தொலைபேசி அடிக்கும். அவருடைய மனைவி. உடம்பாலும் குரலாலும் பெரிய மனுசி. இன்றைக்கு அளவுக்கு மிஞ்சிப் பேசிவிட்டார் என்றோ, தட்டில் கீறல் கேட்கிறது என்றோ, மத்தியானம் என்ன சாப்பாடு என்றோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நான் எடுத்து, சொன்னதை அவரிடம் சொல்வேன். அவர் தலையாட்டுவார். நானும் அதை ஒலிபரப்பின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொண்டேன்.

பிறகு அவருடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருந்ததால் அதையும் சேர்த்து எடுக்காமல் முடியவில்லையாம். உயிருக்கு ஒன்றுமில்லை. சில கிழமைகள் கழித்துக் கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு கலையகத்துக்கு வந்தார். வாயைத் திறந்தபோது சைக்கிள் சில்லில் காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம். கிட்டப் போய்க் காதைக் கொடுத்தால்தான் சொல் விளங்கும்.

வானொலியை நடத்துகிற குழு நல்லவிதமாகத்தான் யோசித்தது. கணினி தானாகவே பாட்டைப் போடட்டும், பேச்சுத் தேவையில்லை என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். அன்று என் நேரம் முடியும்வரை காத்திருந்து, என் காதுக்கருகில் குனிந்தார்.

"நான் எழுதித் தாறன். நீங்கள் வாசியுங்கோ."

"ஐயோ, என்ர டேனிஷோ? நான் கதைச்சா ஆக்கள் ரேடியோவை நிப்பாட்டிப் போடுவினம்."

"ஒருத்தரும் கதைக்காட்டிலும் நிப்பாட்டுவினம். நீங்கள் கதைச்சா, இது ஆரெண்டு அறியவாவது கொஞ்ச நேரம் கேப்பினம்."

வீட்டில் சொன்னேன். கணவருக்கு பிரெடெரிசியாவில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமைதான் அவருக்கு ஆறுதலாகக் கால்நீட்டி இருக்கிற நாள்.

"உமக்கேன் இந்த வேலை? கிழமை முழுக்க வயசுபோன ஆக்களோட. சனிக்கிழமையும் அவையளோடயோ?"

"ரேடியோவில அவையளைத் தூக்கி இருத்தத் தேவையில்லைத்தானே" என்றேன்.

ஓகூஸில் படிக்கிற மகள் தொலைபேசியில் டேனிஷில் சொன்னாள்: அம்மா, வானொலியில் முகம் தெரியாது, உச்சரிப்பு மட்டும்தான் கேட்கும், அது இன்னும் கஷ்டம்.

"முகம் தெரிஞ்சா மட்டும் என்ர உச்சரிப்பு திருந்திடுமோ?" என்று தமிழில் கேட்டேன். சிரித்தாள். ஆனால் அவள் பயந்தது எனக்காகத்தான் என்று தெரியும். பெற்றோர் கூட்டங்களுக்கு என்னோடு வந்து, என் டேனிஷை ஆசிரியர்களுக்கு டேனிஷில் திருப்பிச் சொல்லி வளர்ந்த பிள்ளை.

முதல் சனிக்கிழமை அவர் எழுதித் தந்த தாளை வீட்டில் சத்தமாகப் பலமுறை வாசித்துவிட்டுத்தான் போனேன். ஒலிபரப்பில் இருக்கிறோம் என்கிற சிவப்பு விளக்கு எரிந்ததும் வாசிக்கத் தொடங்கினேன். அவர் எனக்குப் பக்கத்தில் இருந்து இசைத்தட்டுகளைப் போட்டார். முதல் இரண்டு பாட்டுகள் ஒருவாறு போயின. மூன்றாவது அறிமுகம் ஒரு பாடகியைப் பற்றியது. அவள் கொப்பன்ஹேகனுக்கு வந்தாள், அவள் பாடினாள், அவளைக் கேட்க மண்டபம் நிறைந்தது என்று தாளில் இருந்தது. டேனிஷில் 'அவள்' என்ற சொல்லுக்கும் 'நாய்' என்ற சொல்லுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் தொண்டைக்குள் விழுகிற ஒரு சின்ன அடைப்புத்தான். வேண்டாத இடத்தில் என் தொண்டை அடைத்துக்கொண்டது. நாய் கொப்பன்ஹேகனுக்கு வந்தது, நாய் பாடியது என்று நான் கடைசிவரை வாசித்தேன். பக்கத்தில் பல்வைத்தியரின் தோள்கள் குலுங்குவதைக் கண்டுதான் ஏதோ பிழை என்று விளங்கியது. சத்தமே இல்லாமல், கண்ணீர் வழிய, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நடைபாதையில் தொலைபேசி. முதலில் அவருடைய மனைவி.

"நாய் நல்லாப் பாடிச்சுதெண்டு அவருக்குச் சொல்லுங்கோ. மத்தியானத்துக்கு ஹெரிங் மீன்."

வைத்த கையோடு திரும்ப அடித்தது. இந்த முறை ஓர் ஆண். "அந்த வெளிநாட்டுக்காரியை நிப்பாட்டுங்கோ" என்றார், வணக்கம்கூட இல்லாமல்.

"நான்தான் கதைக்கிறன்" என்றேன்.

மறுமுனையில் ஓர் இருமல். பிறகு, "பல்வைத்தியர் எங்க?"

"பக்கத்திலதான் இருக்கிறார். அவருக்குக் குரல் போட்டுது."

"ஓ. எண்டாலும் இது சரியில்லை."

வைத்துவிட்டார். பிறகும் சில கிழமைகள் இதே ஆள் இதையே சொன்னார். பிறகு நின்றுவிட்டது. கேட்பதை நிறுத்தினாரா, பழகிவிட்டாரா, எனக்குத் தெரியாது.

அன்று நான் உள்ளே வந்து கதிரையில் இருந்தேன். பல்வைத்தியர் கண்ணாடிக்கூடாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த தாளை எடுத்து, கடினமான சொற்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, என் முன்னால் வைத்தார். அடுத்த பாட்டை அறிவித்தேன்.

இப்படியே இலையுதிர்காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை தாளில் இருந்தது நீளமான ஒரு பத்தி. எக்காளம் ஊதிய ஒருவரின் பெயர், அவர் அதற்கு முன் இருந்த குழுவின் பெயர், அதன் தலைவரின் பெயர், எல்லாம் சேர்ந்து ஒரே வசனம். பாதி வழியில் என் நாக்கு நின்றுவிட்டது. ஒலிவாங்கி திறந்திருக்கிறது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"இந்தப் பாட்டை என்ர அப்பா முகம் வழிக்கேக்க கேப்பார்" என்று சொல்லிவிட்டேன். "பாட்டோட சேர்ந்து விசில் அடிப்பார். மேல் உதட்டுக்குக் கத்தி வரேக்க விசில் அடிக்க ஏலாது. அந்த இடத்தில வயலின் மட்டும் போகும். உதடு முடிய விசில் திரும்ப வரும். இதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

பாட்டுத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை. தொலைபேசி அடித்தது. வைக்க வைக்க அடித்தது. தையல் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண், அங்கே கூரையில் ஒலிபெருக்கி இருந்தது என்றார். இந்தப் பாட்டு வந்தால் எல்லாருடைய காலும் மிதியில் மெதுவாகிவிடுமாம், கடைசியில் மேற்பார்வையாளர் அந்தப் பாட்டை மட்டும் நிறுத்திவைக்கச் சொன்னாராம். வயதான ஒரு விவசாயி மாட்டுத்தொழுவத்தில் ரேடியோ வைத்திருந்தாராம். வயலின் என்றால் மாடு பேசாமல் நின்று பால் கொடுக்கும், எக்காளம் என்றால் வாளியைத் தட்டிவிடும் என்றார். நான் ஒவ்வொன்றையும் கேட்டுவந்து பாட்டுகளுக்கு இடையில் சொன்னேன். அவர்கள் சொன்னதைச் சொல்லும்போது என் டேனிஷ் தடக்கவில்லை. தாளில் இருப்பதை வாசிக்கும்போதுதான் அது இன்னொருவரின் சப்பாத்துப்போல இருந்தது.

நிகழ்ச்சி முடிந்தபோது எனக்குச் சந்தோசம். திரும்பிப் பார்த்தால், பல்வைத்தியர் இசைத்தட்டுகளை உறைகளில் போட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. மூக்கடைத்துத் தடிமன் என்றார் மனைவி. அதற்கடுத்த கிழமையும் தடிமன். அவர் விட்டுப்போன இசைத்தட்டுகளை வைத்து நான் தனியாகச் சமாளித்தேன். நேயர்கள் கூப்பிட்டார்கள், கதைகள் வந்தன, எல்லாம் நன்றாகவே போயிற்று. ஆனால் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது, எனக்குச் சரியாக இல்லை. பிறகு மனைவி சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வீட்ட வாங்கோ. தடிமன் ஒண்டுமில்லை. மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறார்."

பூசை முடிந்து, மீன் கட்லட் செய்து எடுத்துக்கொண்டு போனேன். நகரத்துக்குச் சற்று வெளியே சிவப்புச் செங்கல் வீடு. மேசையில் கறுப்புப் பாண், ஊறவைத்த ஹெரிங், அவித்த முட்டை. என் கட்லட்டை மனைவி பாணின் மேல் வைத்துக் கடுகுச் சாந்து பூசிச் சாப்பிட்டார். பல்வைத்தியர் அதிகம் சாப்பிடவில்லை. நான் நேரடியாகவே கேட்டேன்.

"என்னில கோவமோ?"

அவர் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பூசி முடித்துவிட்டுத்தான் பேசினார். நானும் மனைவியும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.

"அந்த எக்காளக்காரன்ர பேரை நான் எத்தினையோ காலமாய்த் தேடினனான். நீங்கள் மாட்டைப் பற்றிக் கதைச்சியள்."

"பேர் எனக்கு வாய்க்குள்ள வரேல்லை. அதுதான் நடந்தது."

"எனக்கு மாடுதான் பிடிச்சது" என்றார் மனைவி.

"உனக்கு எப்பவும் மாடுதான் பிடிக்கும்."

அவர் எழும்பி அலமாரியிலிருந்து ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். உறையில் பாடகரின் பெரிய சிரித்த முகம். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பாட்டுகளின் பெயர்கள் மட்டும் இருந்தன. வாசித்தவர்கள் ஒருவருடைய பெயரும் இல்லை.

"இவையள் பின்னால இருந்து வாசிச்சிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ட்ராம் பிடிச்சு வீட்ட போனவை. ஒருத்தரும் இவையளைச் சொல்லேல்லை. ஆராவது ஒருக்காச் சொல்லவேணும். அதுக்குத்தான் நான் இந்த நிகழ்ச்சியைத் துவங்கினனான்."

இவ்வளவு காலமும் நான் அந்தப் பெயர்களை, நோயாளிகளின் மருந்துப் பெயர்களை வாசிப்பதுபோலத்தான் வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பெட்டியோடு ட்ராமுக்கு நிற்கிற ஒரு மனிதன் இருப்பதை நான் நினைத்ததில்லை. உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அதைக் கேட்டு உடுப்புத் தைச்சவளையும் ஒருத்தரும் சொல்லேல்லைத்தானே?" என்றேன் கடைசியில். மெதுவாகத்தான் சொன்னேன். எதிர்த்துப் பேசுவதுபோல இருக்கக்கூடாது என்று.

அவர் யோசித்தார். மனைவி இன்னொரு கட்லட்டை எடுத்தார்.

"ரெண்டையும் சொல்லலாம்" என்று முணுமுணுத்தார். "ஆனால் பாட்டுத் துவங்கின பிறகு கதைக்கக்கூடாது. வயலினுக்கு மேல மாடு வரக்கூடாது."

"சரி. ஆனால் பேர்களை நீங்களே சொல்லுங்கோ. அதுகளை நான் கொலை செய்யிறன்."

"இந்தக் குரலிலயோ?" தலையை ஆட்டினார். அந்தக் கதை அதோடு முடிந்தது.

மறுகிழமை அவர் திரும்பி வந்தார். அவர் பெயர்களைத் தாளில் துண்டு துண்டாக, நான் வாசிக்கக்கூடிய மாதிரிப் பிரித்து எழுதித் தந்தார். நான் கவனமாக வாசித்தேன். நேயர்களின் கதைகளைச் சுருக்கிக்கொண்டேன். குளிர்காலம் முழுக்க அப்படிப் போயிற்று.

மாசி மாதமாக இருக்க வேண்டும். வெளியே ஈரப்பனி. தையல் தொழிற்சாலைப் பெண் திரும்பவும் கூப்பிட்டிருந்தார். அவருடைய சிநேகிதி ஒருத்தி, அவளும் அதே வரிசையில் இருந்து தைத்தவள், முந்தின நாள் அடக்கம் செய்யப்பட்டிருந்தாள். அவர் மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அவசரப்படுத்த முடியவில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டு சின்னப் பாட்டு. அது முடிந்தது. தட்டு சுழன்றது, ஊசி உரசுகிற சத்தம் மட்டும் நடைபாதை ஒலிபெருக்கியில் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

வானொலியில் மௌனம் நீண்டதாகத் தெரியும். கண்ணாடிக்கூடாகப் பல்வைத்தியர் என்னைப் பார்த்தார். அடுத்த தட்டு அவர் கையில் இருந்தது. போட்டிருக்கலாம். ஆனால் இப்போது முடிந்த பாட்டுக்கு வாசித்தவர்களின் பெயர்கள் இன்னும் சொல்லப்படவில்லை. சொல்லாமல் அடுத்ததைப் போடுகிற மனிதர் அல்ல அவர். நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே கையால் சைகை காட்டினேன்: வர முடியாது.

அவர் தட்டைக் கீழே வைத்தார். ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். உதடு அதில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போனார். உதடுகள் அசைவது தெரிந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்டிருக்கக்கூடாது. ஆனால் என் தலைக்கு மேல் இருந்த சின்ன ஒலிபெருக்கியில் அவருடைய குரல் வந்தது. பழைய குரல் அல்ல. காற்றும் கரகரப்பும் கலந்தது. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் கேட்டது. எக்காளம் ஊதியவரின் பெயரைச் சொன்னார். முரசைத் தடவியவரின் பெயரைச் சொன்னார். பிறகு, "நீங்கள் கேட்டது அவர்களை" என்றார்.

நான் தொலைபேசிக்குள் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மறுமுனையில் அந்தப் பெண், "ஸ், பொறுங்கோ, அவர் கதைக்கிறார்" என்றார்.

இருவரும் கடைசிவரை கேட்டோம்.

நான் உள்ளே போனபோது அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கழுத்துத் துணியைத் தளர்த்தியிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"கேட்டதோ?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்தக் கேள்வியே பாதிதான் கேட்டது.

"எல்லாம் கேட்டது. இதில நிண்டு கதைக்கிறதைவிட அதுக்குள்ளதான் நல்லாக் கேக்குது."

அவர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். "இந்தப் பாட்டுக்காரர் ஒருத்தருக்கும் பெரிய குரல் இல்லை" என்றார். "இந்த மைக் வாறதுக்கு முதல் மண்டபத்துக் கடைசி வரிசைக்குக் கேக்கக் கத்திப் பாடவேணும். இது வந்த பிறகுதான் இப்பிடிப் பாடலாம் எண்டு வந்தது. இருவது வருசம் இதைச் சனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான்." தன்னைப் பார்த்தே சிரிப்பதுபோல மூக்கால் ஒரு காற்று விட்டார். "எனக்குத்தான் விளங்கேல்லை."

அன்று அவருடைய மனைவி கூப்பிடவில்லை. பதினொன்றரை ஆயிற்று, பதினொன்றே முக்கால் ஆயிற்று. பல்வைத்தியருக்குப் பதற்றம் பிடித்துவிட்டது. தொலைபேசியில் அவருடைய குரல் எடுபடாது என்று என்னை எடுக்கச் சொன்னார். நெடுநேரம் அடித்த பிறகு மனைவி எடுத்தார்.

"கேட்டனீங்களோ?" என்றேன்.

"கேட்டனான்." அந்தப் பெரிய குரல் சின்னதாக இருந்தது. "சமைக்க மறந்துபோனன். பாணும் முட்டையும் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நிகழ்ச்சி எங்கள் இருவருடையது. கேட்டவர்களின் கதையை நான் சொல்கிறேன், வாசித்தவர்களின் பெயரை அவர் சொல்கிறார். நரம்பு இனித் திருந்தாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். சில சனிக்கிழமைகளில் அந்த மூச்சுக்குரலும் வராது. அன்று ஒரு விரலைக் காட்டுவார், நான் வாசிப்பேன். நாய்க்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம் இன்னமும் எனக்கு நிச்சயமில்லை. பாடகிகள் வந்தால் 'அந்தப் பெண்மணி' என்று சொல்லித் தப்பிவிடுவேன்.

பன்னிரண்டு மணிக்குப் பிறகும் அவர் வீட்டுக்குப் போவதில்லை. கோப்பியோடு மூலைக் கதிரையில் இருந்து தமிழ் நேரத்தைக் கேட்பார். மரண அறிவித்தலுக்கு மட்டும் கோப்பையைக் கீழே வைப்பார். தமிழ் தெரியாமல் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று கேட்டேன். என் குரல் கதிரையில் நிமிர்ந்து இருக்குமாம். ஒருநாள் ஒரு பழைய தமிழ்ப் பாட்டைப் போட்டபோது, இதில் வயலின் யார் என்றார். எனக்குத் தெரியவில்லை. ஓகூஸில் இருக்கிற, பழைய பாட்டுகள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஓர் அண்ணையிடம் கேட்டேன். பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் எல்லாம் சொன்னார். "வயலினோ? அதை ஆர் பிள்ளை பாத்தது?" என்றார். பிறகு வானொலியிலேயே கேட்டுப் பார்த்தேன். இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு மணிக்குக் கலையகத்தைப் பூட்டிவிட்டு இருவரும் ட்ராமும் என் பேருந்தும் நிற்கிற நிறுத்தம்வரை நடப்போம். வெளியே எப்போதும் காற்று. அந்தக் காற்றில் அவர் பேசினால் எனக்கு ஒன்றும் கேட்காது என்பது இருவருக்கும் தெரியும். அதனால் பேசுவதில்லை. இசைத்தட்டுப் பெட்டியின் ஒரு பக்கப் பிடியை அவர் பிடிப்பார், மற்றப் பக்கத்தை நான் பிடிப்பேன். அவருடைய ட்ராம் முதலில் வரும்.